சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாற: முதல் கருவி எது, நிகோடின் எவ்வளவு?

நீலவானம்:
ஒரு நாளைக்கு 15 சிகரெட். காலையில் எழுந்த பத்து நிமிடத்தில் முதல் சிகரெட் பற்ற வைத்தாக வேண்டும். இதை விட்டுவிட்டு வேப்புக்கு (நிகோடின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்-சிகரெட்) மாறலாம் என்று இருக்கிறேன். ஆனால் கடையில் பாட் (லிக்விட் கூட்டைச் செருகும் சின்னக் கருவி, அந்தக் கூட்டுக்கும் அதே பெயர்), பேனா வடிவம், வாட் கூட்டிக் குறைக்கும் பெட்டி என்று ஏகப்பட்டது இருக்கிறது. லிக்விடிலும் ஒரு மி.லி.க்கு நிகோடின் 3 மி.கி., 6, 12, 20 என்று போட்டிருக்கிறார்கள். குறைவாக எடுப்பதுதானே உடம்புக்கு நல்லது, 3-ல் தொடங்கலாமா? நிறையப் புகை வரும் பெரிய கருவிதான் திருப்தி தரும் என்கிறார்களே, அது சரியா?

கம்பிச்சுருள்:
3-ல் தொடங்காதீர்கள் நண்பரே. மாறுகிறவர்கள் சிகரெட்டுக்கே திரும்பிப் போக முக்கியக் காரணம், நிகோடின் போதாமல் போவதுதான். எழுந்து அரை மணி நேரத்துக்குள் சிகரெட் தேடுகிறவருக்கு நிகோடின் பிடி பலமாக இருக்கிறது என்று பொருள். உங்கள் கணக்குக்கு 20 மி.கி./மி.லி. நிகோடின் சால்ட்தான் சரி. பாட்டிலில் 2% என்று போட்டிருந்தாலும் அதே அளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் சட்டப்படி உச்ச வரம்பே இதுதான்.

சிகரெட்டில் ஆளைக் கொல்வதில் பெரும்பங்கு புகையிலை எரிவதால் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்ற நச்சுகளும். வேப்பில் எதுவும் எரிவதில்லை. அதனால் முதல் சில வாரங்களுக்கு நிகோடினில் கஞ்சத்தனம் வேண்டாம். அதற்காக வேப் தீங்கே இல்லாதது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிகரெட் பழக்கமே இல்லாதவர் இதைத் தொடவே கூடாது.

'சால்ட்' என்று ஏன் குறிப்பிட்டுச் சொல்கிறேன் என்றால், சாதா நிகோடின் 20-ல் தொண்டையைக் காறி எடுத்துவிடும். சால்ட்டில் பென்சாயிக் அமிலம் மாதிரி ஏதாவது சேர்த்துக் காரத்தன்மையைக் குறைத்திருப்பார்கள், இதமாக இறங்கும்.

கருவி: திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய சின்ன பாட். காயில் (லிக்விடைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) மின்தடை 0.8 முதல் 1.2 ஓம் வரை, சக்தி 10 முதல் 16 வாட் வரை இருந்தால் போதும். இழுப்பு இறுக்கமாக இருக்க வேண்டும். சிகரெட் போலவே முதலில் வாயில் வாங்கிப் பிறகு நெஞ்சுக்குள் இழுக்கிற வகை. நீங்கள் சொன்ன பெரிய பெட்டி வேறு வகை. 0.15 – 0.4 ஓம் காயிலில் 40 வாட்டுக்கு மேல் ஓடும், ஒரே இழுப்பில் ஏகப்பட்ட லிக்விட் காலியாகும். அது 3 மி.கி.க்காகச் செய்தது. அதில் 20 மி.கி. ஊற்றினால் தலைசுற்றலும் குமட்டலும்தான் மிச்சம்.

பேட்டரி 700 – 1000 எம்.ஏ.ஹெச். இருந்தால் பெரும்பாலும் ஒரு பகல் தாங்கும். லிக்விட் அளவு வெளியே தெரிகிற பாட்டாகப் பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம்: மாற்றுக் காயில் அல்லது மாற்று பாட் தடையில்லாமல் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். காயில் கருகிய அன்று மாற்று இல்லையென்றால் கை நேராக சிகரெட் பாக்கெட்டுக்குத்தான் போகும்.

தென்றல்12:
மேலே சொன்னதோடு லிக்விட் கலவையையும் பாருங்கள். ப்ரொபிலீன் கிளைக்கால், கிளிசரின் இரண்டும் 50:50. கிளிசரின் 70% உள்ளது கெட்டி. சின்னக் காயிலின் பஞ்சுக்குள் வேகமாக ஊறாது, கருகிவிடும். அதிக இனிப்புச் சுவையும் காயிலில் சீக்கிரம் கரி படியவைக்கும்.

புதுக் காயில் போட்டதும் இழுக்கக் கூடாது. காயில் தனியாகக் கழன்று வந்தால் பஞ்சு தெரிகிற துளைகளில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். பாட்டை நிரப்பிப் பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். அதற்குப் பிறகும் முதல் சில இழுப்புகளை மெதுவாக, இடைவெளி விட்டு எடுங்கள். காய்ந்த பஞ்சு ஒரு தடவை கருகினால் அந்த வாசனை போகாது, காயிலை மாற்றியே ஆக வேண்டும்.

சிகரெட் போல வெடுக்கென்று இழுக்காதீர்கள். 3 – 4 விநாடி மெதுவாக இழுத்து, அடுத்ததற்கு அரை நிமிடமாவது விடுங்கள். சிகரெட் அளவு வேகமாக இதில் நிகோடின் ஏறாது, புதியவர்களுக்கு இன்னும் தாமதமாகும். அந்த அவசரத்தில்தான் தொடர்ந்து இழுத்துக் காயிலைக் கருக்குகிறார்கள்.

நீலவானம்:
நன்றி. இரண்டு சந்தேகம். பாட் கசியும் என்கிறார்களே, ஏன்? அப்புறம், கொஞ்ச நாளைக்குப் பாதி சிகரெட், பாதி வேப் என்று போகலாமா?

கம்பிச்சுருள்:
கசிவுக்கு வழக்கமான காரணங்கள்: விளிம்பு வரை நிரப்புவது, நடுவில் இருக்கும் காற்றுக்குழாய்க்குள் லிக்விட் இறங்குவது, ரப்பர் வளையம் ஒழுங்காக உட்காராதது, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைப்பது. விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போதும் வழியும். அங்கே பாட்டைக் காலி செய்து, கருவியைக் கைப்பையில் மட்டும் கொண்டு போங்கள். 'களகள' சத்தமோ வாயில் சொட்டுத் தெறிப்பதோ இருந்தால் காயில் மூழ்கியிருக்கிறது. பாட்டைக் கழற்றி, வாய்ப்பக்கம் கீழே வருகிற மாதிரி டிஷ்யூ தாளில் உதறுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
இரண்டாவது கேள்விக்கு: ஒரு வாரம், இரண்டு வாரம் பழகிக்கொள்ளப் பரவாயில்லை. ஆனால் ஒரு தேதி குறித்து அதற்குப் பிறகு சிகரெட்டை முழுக்க நிறுத்துங்கள். தினம் நாலைந்து சிகரெட் தொடர்ந்தாலே இதயத்துக்கான ஆபத்து பெரிதாகக் குறையாது. முதலில் காலை சிகரெட்டை மாற்றுங்கள், அதுதான் கடினம், அது போனால் மற்றவை இளகும்.

அளவு கூடினால் தலைவலி, விக்கல், குமட்டல், படபடப்பு வரும். உடனே நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள், அடுத்த முறை இடைவெளியைக் கூட்டுங்கள். முதல் நாட்களில் இருமலும் வாய் உலர்வதும் சகஜம். ஆனால் மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சிகரெட் புகை கல்லீரலில் சில மருந்துகளை வேகமாகச் சிதைக்க வைக்கிறது. நிகோடின் அதைச் செய்வதில்லை. அதனால் வேப்புக்கு மாறினாலும் க்ளோசபின், ஒலான்சபின் (மனநோய் மருந்துகள்), தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து) அளவு ரத்தத்தில் ஏறும். இவற்றில் எதையாவது எடுப்பவர் மாறும் தேதியை மருத்துவரிடம் முன்பே சொல்லி, டோஸைச் சரிபார்க்க வேண்டும்.

லிக்விட் பாட்டிலைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தோலில் பட்டால் உடனே கழுவுங்கள்.

வாங்குமுன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். சில நாடுகளில் விற்பதே குற்றம், சிலவற்றில் கையில் வைத்திருப்பதும் குற்றம். அப்படியென்றால் கள்ளச்சரக்கைத் தேடிப் போக வேண்டாம். 2019-ல் அமெரிக்காவில் வந்த கடும் நுரையீரல் பாதிப்புக்கு, முறைகேடாக விற்ற கஞ்சாச் சாறு கார்ட்ரிட்ஜ்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணமாகத் தெரியவந்தது. வேப் குற்றமாக உள்ள நாடுகளில் நிகோடின் பேட்ச் ஒட்டி, தவிப்பு வரும்போது நிகோடின் சூயிங்கம் மெல்வதுதான் வழி. இரண்டையும் சேர்த்து எடுப்பது தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

தென்றல்12:
சார்ஜரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கருவியோடு வந்த கேபிளிலேயே, கையேட்டில் சொன்ன மின்னோட்டத்தில் ஏற்றுங்கள், பல பாட்களுக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர். தலையணைக்கு அடியிலோ தூங்கும்போதோ வேண்டாம். சிகரெட் முழுசாக நின்று சில மாதம் ஆனதும் 20-லிருந்து 10, பிறகு 5 என்று குறைக்கலாம். குறைத்த பிறகு சிகரெட் ஆசை தலைகாட்டினால் பழைய அளவுக்கே திரும்பிவிடுங்கள்.