கணினி சும்மா இருக்கும்போது சிபியு எண்கள் சொல்வது என்ன?

ஈசூன்வாசி:
கடந்த ஜூன் பள்ளி விடுமுறையில் மகனின் பழைய மேசைக்கணினி என் அறைக்கு வந்தது. எதையும் திறக்காமல் வைத்திருந்தாலும் அதன் விசிறி இரைந்துகொண்டே இருந்தது. குளிர்சாதனம் இல்லாத அறையின் வெக்கைதான் காரணம் என்று சில நாள் விட்டுவிட்டேன். பிறகு, ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பக்கத்தைப் பார்த்தபோது, 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என்ற பெயருக்கு நேரே, சிபியு (அதாவது பிராசசர்) நேரத்தில் எத்தனை விழுக்காடு என்று காட்டும் இடத்தில் 86 என்றிருந்தது. கணினியை வாட்டுவது இதுதான் என்று முடிவுகட்டி நிறுத்த முயன்றேன், கணினி இணங்கவில்லை. பழுதுபார்க்கும் கடையிலோ பிராசசரையே மாற்ற வேண்டுமென்று 280 வெள்ளி கேட்டார்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகள் அந்த வரியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். வேறெந்த நிரலும் வேலை கேட்காத நேரத்தைத்தான் விண்டோஸ் அந்தப் பெயரில், 0 என்ற அடையாள எண்ணின்கீழ்க் கணக்கெழுதுகிறது என்றும், அந்நேரத்தில் பிராசசர் ஓய்ந்து மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது என்றும் விளக்கினாள். ஆக, 86 நான் மகிழ வேண்டிய எண்; வினை மீதி 14இல் இருந்தது. பிரிண்டரோடு வந்த மென்பொருள் ஒன்று 12க்கும் 13க்கும் இடையில் அசையாமல் நின்றது. அந்தக் கணினியின் பிராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் நான்கு கோர்கள் இருந்தாலும் விண்டோஸ் அவற்றை எட்டு பிராசசர்களாக எண்ணுகிறது. 100ஐ எட்டால் வகுத்தால் 12.5. அதாவது எட்டில் ஒன்று, பார்வைக்குச் சிறிய எண்ணாகத் தெரிந்துகொண்டே, ஓய்வின்றி உழன்றுகொண்டிருந்தது. மென்பொருளை நீக்கியதும் ஐடில் 98க்கு ஏறியது, விசிறியும் அடங்கியது.

பிடோக் ஆசிரியை:
ஐயா, எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. தேர்வுத்தாள் மதிப்பெண்களைப் பதியும்போது அமைதியாக இருக்கும் மடிக்கணினி, நான் காப்பி கலக்க எழுந்துபோனால் இரையத் தொடங்கும். திரும்பி வந்து மவுஸைத் தொட்டதும் அடங்கிவிடும். மோசடிச் செய்திகளையே படித்துப் பழகிய மனம், யாரோ ஊடுருவிவிட்டதாக அஞ்சியது. வைரஸ் சோதனை, வட்டைச் சீரமைத்தல் போன்ற பராமரிப்பு வேலைகளை விண்டோஸ் ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் தொடங்குகிறது என்பதும், ஆள் திரும்பியதும் அவற்றில் பலவற்றை நிறுத்திவைக்கிறது என்பதும், டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தபோதுதான் எனக்குப் புலப்பட்டன.

உட்லண்ட்ஸ்காரன்:
மேக் வைத்திருப்பவர்கள் இந்த வகுத்தல் கணக்கை அப்படியே போட்டுவிட வேண்டாம். டாஸ்க் மேனேஜருக்கு ஈடாக அதில் உள்ள ஆக்டிவிட்டி மானிட்டரில் ஒரு கோர் முழுவதும் உழைத்தாலே 100 என்று காட்டும் என்பதால், எட்டுக் கோர் உள்ள கருவியில் ஒரே நிரலுக்கு எதிரே 300 என்று கண்டாலும் அது பிழையன்று.