சங்கத்து முகவரிகளைக் கையளிக்கும் முன்

வெள்ளவத்தை தொடர்மாடிக் குடியிருப்பாளர் குழு

செயலாளர் ஐயா: அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் செயலாளர் பொறுப்பை இரண்டாம் மாடித் தங்கச்சியிடம் ஒப்படைக்க இருக்கின்றேன். எனது கணினியிலுள்ள தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் உறவினர்கள், பழைய அலுவலக நண்பர்கள், வீட்டு உரிமையாளர்கள், லிப்ட் பராமரிப்பவர், ஜெனரேற்றர் திருத்துபவர் ஆகிய எல்லோரும் ஒரே முகவரிப் புத்தகத்தில் கலந்து கிடக்கின்றார்கள். சங்கத்துக்குரியவர்களை மட்டும் பிரித்துக் கொடுப்பது எப்படி என்று ஆறாம் மாடித் தம்பி சொல்ல வேண்டும்.

ஆறாம் மாடித் தம்பி: வணக்கம் ஐயா. பிரிப்பதற்கு முன்னர் இப்போதுள்ளதை உள்ளபடியே பிரதியெடுத்துவிடுங்கள். முகவரிப் புத்தகத்தின் பெயர்மேல் வலது சொடுக்குச் செய்து, எக்ஸ்போர்ட் என்பதைத் தெரிந்து, எல்.டி.ஐ.எஃப் (LDIF) என்ற கோப்பு வடிவத்தில் சேமியுங்கள். அந்த வடிவத்தையே வலியுறுத்தக் காரணம் உண்டு. 'உரிமையாளர்கள்', 'வாடகைக்கு இருப்போர்' என்று நீங்கள் பார்த்துப் பார்த்து உருவாக்கிய அஞ்சற் பட்டியல்கள் சி.எஸ்.வி (CSV) என்ற அட்டவணைக் கோப்பிலோ வி-கார்ட் (vCard) என்ற தொடர்பு அட்டைக் கோப்பிலோ ஏறமாட்டா, எல்.டி.ஐ.எஃப் கோப்பில் மட்டுமே அவை கூடவே வரும்.

செயலாளர் ஐயா: சேமித்துவிட்டேன். ஆனால் நோட்பேடில் திறந்து பார்த்தபோது ஆங்கிலப் பெயர்கள் சரியாக இருக்க, தமிழில் எழுதிய பெயர்கள் மட்டும் அர்த்தமில்லாத எழுத்துகளாகத் தெரிகின்றன. கோப்புப் பழுதாகிவிட்டதா?

ஆறாம் மாடித் தம்பி: இல்லை ஐயா. அந்த வரிகளில் ஒரு முக்காற்புள்ளிக்குப் பதிலாக இரண்டு இருப்பதைக் கவனியுங்கள். தமிழ் எழுத்துகளைக் குறியீடாக மாற்றி வைத்திருப்பதற்கான அடையாளம் அது. திரும்ப உள்ளிடும்போது பெயர்கள் தமிழிலேயே வந்துவிடும்.

இனி, 'சங்கம்' என்று புதிய முகவரிப் புத்தகம் ஒன்றை உருவாக்குங்கள். பெயர்களை அதற்குள் இழுத்துவிடும்போது கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டிருங்கள். அழுத்தாவிட்டால் பெயர் நகலாகாமல் இடம்மாறிவிடும். அப்படி மாறும்போது பழைய புத்தகத்திலிருந்த பட்டியல்களிலிருந்தும் அது நீங்கிவிடும். 'கலெக்டட் அட்ரஸஸ்' என்ற புத்தகத்தையும் மறக்காமல் பாருங்கள் ஐயா. நீங்கள் அஞ்சல் அனுப்பிய புதிய முகவரிகளைத் தண்டர்பேர்ட் தானாகவே அங்கே சேர்த்து வைக்கும் என்பதால், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உரிமையாளர்கள் சிலர் அங்கே மட்டுமே இருக்கக்கூடும். பராமரிப்புக் கட்டண அறிவித்தல் அவர்களுக்குக் கிடைக்காமல் போனால் சங்கத்துக்குத்தான் நட்டம்.

இரண்டாம் மாடி அக்கா: தம்பி, எனக்கு எக்செல்தான் பழக்கம். சி.எஸ்.வி ஆகவே தந்தால் ஆகாதா?

ஆறாம் மாடித் தம்பி: வாசிப்பதற்கு ஒரு பிரதி தரலாம் அக்கா, ஆனால் அதைத் திருத்திச் சேமித்துத் திரும்ப உள்ளிட வேண்டாம். நேரடியாகத் திறந்தால் எக்செல் தொலைபேசி இலக்கத்தை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு, 077 என்று தொடங்குவதை 77 ஆக்கிவிடும். +94 இல் உள்ள கூட்டல் குறியும் போய்விடும். தமிழ்ப் பெயர்களும் சில வேளைகளில் சிதைந்து தெரியும்.

நான்காம் மாடி அண்ணா: எனது பெயர்கள் எல்லாம் கூகுளோடு இணைந்திருக்கின்றன. அதுவே பிரதிதானே?

ஆறாம் மாடித் தம்பி: இல்லை அண்ணா. இணைப்பு உள்ள புத்தகத்தில் ஒரு பெயரை அழித்தால் கூகுளிலும் அது அழிந்துவிடும். கூகுள் தொடர்புகளில் 30 நாட்கள் வரையிலான மாற்றங்களை மீளப் பெறலாம் என்பது உண்மைதான், ஆனால் அழிந்ததை இரண்டு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் என்ன செய்வது? தனியாக ஒரு கோப்பு பென் டிரைவில் இருக்கட்டும்.

செயலாளர் ஐயா: நல்லது தம்பி. எனது உறவினர்களின் விபரங்கள் சங்கத்துக் கணினிக்குப் போகக்கூடாது என்பதில்தான் எனக்குக் கூடிய கவலை.

ஆறாம் மாடித் தம்பி: அதனால்தான் முழுப் பிரதியை நீங்கள் வைத்துக்கொண்டு, 'சங்கம்' புத்தகத்தை மட்டும் தனியாக எக்ஸ்போர்ட் செய்து அக்காவிடம் கொடுக்க வேண்டும். பட்டியல்கள் பழைய புத்தகத்துக்கே உரியவை என்பதால், எக்ஸ்போர்ட் செய்யும் முன் புதிய புத்தகத்தில் அவற்றை மறுபடி அமைத்துவிடுங்கள். அக்காவின் கணினியில் உள்ளிட்டு, பெயர்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கும்வரை எதையும் அழிக்க வேண்டாம்.

இரண்டாம் மாடி அக்கா: அப்படியானால் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மடிக்கணினியுடன் ஐயா வீட்டுக்கு வருகிறேன். தம்பியும் வந்தால் உதவியாக இருக்கும்.

ஆறாம் மாடித் தம்பி: வருகிறேன் அக்கா.