ஐ கேன் ஹியர் யுவர் வாய்ஸ்: கோர்ட் சீனெல்லாம் மாஸ், லவ் தான் இடிக்குதா?

மழைக்குருவி:
ஸ்பாய்லர் இருக்கு, பாக்காதவங்க அப்புறமா வாங்க. 2013-ல கொரியாவோட எஸ்பிஎஸ் சேனல்ல வந்த இந்த டிராமாவை இப்ப தான் முடிச்சேன். எல்லாரும் தலைல தூக்கி வச்சு ஆடுறீங்களே, எனக்கு பாதி தான் புடிச்சுது. அடுத்தவங்க மனசுல நினைக்கிறது காதுல கேக்குற ஸ்கூல் பையன் சூ ஹா (லீ ஜாங் சுக்), சின்ன வயசுல அவன் அப்பாவை ஒருத்தன் கொல்றான், அதை கோர்ட்ல வந்து சாட்சி சொன்ன பொண்ணு ஹே சங் (லீ போ யங்), பின்னாடி அரசாங்க சம்பளத்துல ஏழைங்களுக்கு வாதாடுற வக்கீலா ஆகுறா, பத்து வருஷம் உள்ள இருந்துட்டு அந்தக் கொலைகாரன் மின் ஜூன் குக் பழிவாங்க வெளிய வர்றான். இவ்ளோ நல்ல கதையை கைல வச்சுக்கிட்டு ப்ளஸ் டூ படிக்கிற பையனுக்கும் கிட்டத்தட்ட பத்து வயசு மூத்த வக்கீலம்மாவுக்கும் லவ்வுன்னா என்னங்க அது? அதுவும் ஒரே வீட்ல. இதே உல்டாவா இருந்தா க்யூட்னு எமோஜி போட்டுட்டு இருப்போமா?

கிம்ச்சி கீதா:
குருவி, அவ எங்க அவனை விரட்டி விரட்டி லவ் பண்ணா? பாதி சீரியல் வரைக்கும் "போடா சின்னப்பையா"ன்னு தான் இருக்கா, அவளுக்கு முதல்ல புடிச்சது கூட வேலை பாக்குற சா குவான் வூவை தானே, அந்த வெள்ளை சாக்ஸ் வக்கீல். சூ ஹா தான் சின்ன வயசுல இருந்து அவளைத் தேடிட்டு இருக்கான். 16 எபிசோடா ஆரம்பிச்சதை ஓடுன ஓட்டத்துக்கு 18 ஆக்குனாங்க, ரேட்டிங் 20% தாண்டுச்சு, அந்த வருஷ எஸ்பிஎஸ் விருதுல பெரிய அவார்டே லீ போ யங்குக்கு தான். கொரியாக்காரங்க எல்லாரும் கண்ணை மூடிட்டா பாத்தாங்க?

மழைக்குருவி:
அக்கா, ரேட்டிங் வந்துட்டா தப்பு சரி ஆயிடுமா? ஒண்ணு கவனிச்சீங்களா, நடுவுல சூ ஹா காணாம போயி ஒரு வருஷம் கழிச்சு எல்லாத்தையும் மறந்துட்டு கிராமத்துல கிடைக்கிறான்ல, அந்த ஒரு வருஷம் எதுக்குங்கறீங்க? பையனை மேஜர் ஆக்க தான். யூனிஃபார்மை கழட்டணும், அதுக்கு அம்னீசியா. கொரியன் டிராமா ரைட்டர்ஸுக்கு எங்க மாட்டிக்கிட்டாலும் இது ஒண்ணு கைல ரெடியா இருக்கும்.

வக்கீல் தம்பி:
அம்னீசியா பத்தி குருவி சொல்றது கரெக்ட், ஆனா அதனால தான் நமக்கு அந்த ஜூரி கேஸ் (சாதாரண ஜனங்க உக்காந்து தீர்ப்பு சொல்றது) கிடைச்சுது, அதை மறந்துடாதீங்க. மின்னோட இடது கை மட்டும் கிடைக்குது, ஆளைக் காணோம், சூ ஹா தான் கொன்னான்னு கேஸ், அவனுக்கே தான் கொன்னோமா இல்லையான்னு தெரியாது, ஹே சங் அவனுக்காக வாதாடுறா. கொரியால ஜூரி முறை வந்ததே 2008-ல தான், ஜூரி சொல்றதை ஜட்ஜ் ஏத்துக்கணும்னு கட்டாயமும் இல்ல. அதை வச்சு டென்ஷன் ஏத்துனது செம.

எனக்கு உறுத்துறது வேற. அந்த ட்வின்ஸ் கேஸ். கடைக்காரர் கொலை, அண்ணன் தம்பில யார் குத்துனான்னு கேமராவுல தெரியல, ரெண்டு பேரும் சேர்ந்து ப்ளான் போட்டாங்கன்னு சூ ஹா மனசைக் கேட்டு சொல்றான், உடனே இந்தம்மா ஹே சங் போய் ப்ராசிக்யூட்டர் தோ யான் கூட கை கோர்க்குறா! தன்னோட கட்சிக்காரனையே எதிர்த்தரப்புக்கு காட்டிக் குடுக்குற வக்கீலை எந்த ஊர் பார் கவுன்சில் விட்டு வைக்கும்? ஒருத்தனை ஒருத்தன் போட்டுக் குடுக்க வைக்கிற ஐடியா பாக்க ஜாலியா தான் இருந்துச்சு, ஆனா கதை அதை தப்புன்னு கூட காட்டல, விசில் அடிக்க வைக்குது.

பாப்கார்ன் பாண்டி:
டேய் தம்பி, அவங்க கொலைகாரங்கடா.

வக்கீல் தம்பி:
அண்ணே, கொலைகாரனுக்கும் வக்கீல் உண்டு, அதானே இந்த டிராமாவோட மேட்டரே. ஹே சங் அம்மாவைக் கொன்ன கேஸ்ல மின்னுக்கு வாதாடி வெளிய விட்டது யாரு? நல்லவன் குவான் வூ தானே. அவன் நிஜமாவே இவன் நிரபராதின்னு நம்பி உயிரைக் குடுத்து வாதாடுறான், ஜெயிக்கிறான், செத்தது அவன் லவ் பண்ற பொண்ணோட அம்மா. ரூல்படி அவன் எதுவுமே தப்பு பண்ணல. சூ ஹாவுக்கு உண்மை காதுல கேக்குது, ஆனா கோர்ட்ல அதை எப்படி சாட்சியா வைப்பான்? பவர் இருந்தும் பிரயோஜனம் இல்ல. லீகல் டிராமாவா இது நிக்கிறது அந்த இடத்துல தான், பவரை வச்சு ஜெயிக்கிற எபிசோடெல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம்.

கிம்ச்சி கீதா:
அந்த அம்மா போன் சீன்! சிக்கன் கடைல வேலைக்குன்னு சேர்ந்த மின் கொல்லப் போறான், பக்கத்துல நிக்கிறான், அந்தம்மா பொண்ணுகிட்ட சாதாரணமா பேசுற மாதிரியே பேசி யாரையும் வெறுக்காதேன்னு புத்தி சொல்றாங்க, இவ அந்தப் பக்கம் வழக்கமான அட்வைஸ்னு நினைச்சுட்டு கேட்டுட்டு இருக்கா. அம்மாவா நடிச்ச கிம் ஹே சூக் குரல்ல ஒரு நடுக்கம் கூட வெளிய வராது. நான் அன்னிக்கு சாப்பிடவே இல்ல.

மழைக்குருவி:
அது நானும் ஒத்துக்குறேன் அக்கா. அதனால தான் கடுப்பாகுது, இப்படி ஒரு சீன் எழுதத் தெரிஞ்சவங்க எதுக்கு டை கட்டி விடுற சீனுக்கு இவ்ளோ நேரம் ஒதுக்கணும். ஹ்வாங் தல் ஜூங் கேஸ் பாருங்க, பொண்டாட்டியைக் கொன்னதா 26 வருஷம் உள்ள இருந்துட்டு வந்தா அவ உயிரோட இருக்கா, எதிர்ல நிக்கிற ப்ராசிக்யூட்டர் தோ யானே அவரோட பொண்ணு, வளர்த்தது தண்டனை குடுத்த ஜட்ஜ். தனியா ஒரு சீசனே எடுக்கலாம், இங்க சைடு டிஷ் ஆயிடுச்சு.

பாப்கார்ன் பாண்டி:
லவ் இல்லாம வெறும் கோர்ட்டா இருந்தா நீங்க யாரும் 18 எபிசோட் உக்காந்து பாத்திருக்க மாட்டீங்க. இதே ரைட்டர் பார்க் ஹே ரியூன் 2017-ல ‘வைல் யூ வேர் ஸ்லீப்பிங்’ எழுதுனாங்க, அதே லீ ஜாங் சுக் ப்ராசிக்யூட்டரா, ஜோடி சூஸி, வயசு பஞ்சாயத்தே கிடையாது. ஆனா எனக்கு அதுல ஹே சங் மாதிரி ஒரு ஆள் கிடைக்கல. திமிரு, சோம்பேறி, சம்பளத்துக்காக வேலைக்கு வந்தவ, கட்சிக்காரன் பேரு கூட ஞாபகம் வச்சுக்க மாட்டா. அவளை மனுஷியா மாத்துனது அந்தப் பையன் தானே, லவ்வை எடுத்துட்டா அந்த மாற்றம் எங்க இருந்து வரும்?

வக்கீல் தம்பி:
அம்மா செத்ததுல இருந்து வரும் அண்ணே. க்ளைமேக்ஸ்ல மின்னுக்கு மறுபடியும் வக்கீலா நிக்கிறது குவான் வூ. முதல் தடவை நம்பி நின்னான், இப்ப எல்லாம் தெரிஞ்சே நிக்கிறான். அதுக்கு ஒரு முழு எபிசோட் குடுத்திருக்கணும்.

கிம்ச்சி கீதா:
குடுத்திருந்தா குருவி அதுலயும் லவ் சீன் எத்தனை நிமிஷம்னு எண்ணிட்டு இருந்திருப்பா 😂