பேனிக் அட்டாக் (காரணமே இல்லாமல் திடீரென்று வரும் பெரும் பதற்றம்) மறுபடி ‘வந்துடுமோ’ என்கிற பயம் உங்களுக்கு எப்படி விட்டது?

முதல் தடவை வந்தது மாம்பலத்துக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவில், தாம்பரத்திலிருந்து பீச் போகிற மின்சார ரயிலில். சிக்னலுக்காக வண்டி நின்றது, அவ்வளவுதான். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, விரல் நுனியெல்லாம் மரத்துப்போக, உதட்டைச் சுற்றி எறும்பு ஊருகிற மாதிரி இருக்க, பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல ஆகிவிட்டது. 34 வயசிலேயே ஹார்ட் அட்டாக், கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கோடம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஈசிஜி நார்மல், ட்ரோபோனின் என்கிற மாரடைப்பு ரத்தப் பரிசோதனையும் நார்மல், ‘கேஸ் ட்ரபிள்தான்’ என்று ஒரு மாத்திரை. வீட்டுக்கு வந்தால் அம்மா ஓமத் தண்ணீரோடு நிற்கிறார். அத்தை ஊரிலிருந்து மந்திரித்த கயிறு அனுப்பினார்.

அன்றைக்கு வந்தது அரை மணி நேரத்தில் போய்விட்டது. ‘மறுபடி வந்துடுமோ’ என்பதுதான் எட்டு மாதம் கூடவே இருந்தது. ரயிலில் கதவுப் பக்கம் மட்டும்தான் நிற்பேன். பையில் தண்ணீர் பாட்டில், மாத்திரை, ஆதார் நகல் (விழுந்து கிடந்தால் யார் என்று தெரிய வேண்டுமே). மீட்டிங்கில் யாருக்கும் தெரியாமல் கழுத்தில் விரல் வைத்து நாடி பார்ப்பேன். அப்புறம் ரயிலையே விட்டேன், தியேட்டரை விட்டேன், கடைசியில் சலூனையும். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டால் பாதி முடிவெட்டில் எழுந்து ஓட முடியாது பாருங்கள், அதுதான். வீட்டம்மாதான் ட்ரிம்மர் போட்டு வெட்டிவிட்டார், படிக்கட்டு படிக்கட்டாக.

ஒருவழியாக மனநல மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் தைராய்டு டெஸ்ட் எழுதினார், ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார் (ஆறு), பிறகு, “இதுவரை எத்தனை தடவை வந்திருக்கும்?” என்றார். முப்பது இருக்கும் சார் என்றேன். “எத்தனை தடவை மயங்கி விழுந்தீங்க?” ஒரு தடவைகூட இல்லை. மயக்கம் பொதுவாக ரத்த அழுத்தம் இறங்கினால்தான் வரும், பேனிக் வரும்போது அழுத்தம் ஏறத்தான் செய்யும், அதனால் விழுவது அபூர்வம் என்றார். நான் எட்டு மாதமாக சுமந்த ஆதார் நகலை நினைத்துக்கொண்டேன்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குத் திருப்பம். அங்கேயே உட்கார வைத்து ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார். நாற்பது நொடிகூட ஆகவில்லை, அதே மரப்பு, அதே எறும்பு, அதே கிணற்றுக் குரல்! வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுமாம், மரப்பும் தலைசுற்றலும் அதனால் வருவதாம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, இதற்கா மூன்று ஈசிஜி எடுத்தேன் என்று. (முதல் தடவை நெஞ்சுவலி வந்தால் ஈசிஜி எடுக்கத்தான் வேண்டும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் சொல்வது மூன்றாவதை.)

வீட்டுப்பாடமும் உண்டு. நின்ற இடத்தில் ஓடுவது, சுழல் நாற்காலியில் சுற்றுவது, ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது எல்லாம் வேண்டுமென்றே படபடப்பை வரவழைத்துப் பழக. பிறகு பாட்டில் இல்லாமல் ரயில். முதல் நாள் தாம்பரத்திலிருந்து சானடோரியம் வரை மட்டும். இரண்டாவது வாரம் கிண்டி தாண்டியதும் வந்தது. வந்தால் இறங்கக் கூடாது என்பது ஒப்பந்தம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், சைதாப்பேட்டையில் உச்சம், சட்டை முழுக்க வியர்வை, மாம்பலம் வந்தபோது ஏதோ இறங்குகிற மாதிரி, கோடம்பாக்கத்தில் கொட்டாவி வந்தது. சத்தியமாகக் கொட்டாவி.

பதற்றத்தைக் குறைக்கிற செர்ட்ராலின் மாத்திரையும் எடுத்தேன். முதல் பத்து நாள் பதற்றம் கூடத்தான் செய்தது, அது சிலருக்கு அப்படித்தான், சரியாகிவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் விடாமல் போட்டேன். நீங்கள் எப்படி வெளியே வந்தீர்கள், எழுதுங்கள்.

*

எனக்கு ராத்திரி தூக்கத்தில் வரும். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு ஆரம்பித்தது, இரண்டு மணிக்குத் தூக்கிப்போட்ட மாதிரி எழுந்து பால்கனிக்கு ஓடுவேன். மாமியார் காத்துக் கருப்பு என்று திருநீறு போட்டார், பாவம் அவருக்குத் தெரிந்தது அது. எனக்குத் தெரிந்த அழகைக் கேளுங்கள்: யாரோ சொன்னார்கள் என்று அல்பிரசோலம் என்கிற பதற்ற மாத்திரையை வாங்கிப் போட ஆரம்பித்தேன். இருபது நிமிடத்தில் சொர்க்கம். ஆறு வாரம் என்று நினைத்தது இரண்டு வருடம் ஆயிற்று, பையில் மாத்திரை அட்டை இல்லையென்றால் கீழே காய்கறி வாங்கக்கூட இறங்க மாட்டேன். அதிலிருந்து வெளியே வந்தது பேனிக்கை விடக் கஷ்டம். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முடிக்க ஐந்து மாதம் ஆனது. இதைப் படித்துவிட்டு யாரும் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், பட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் போகத் தயக்கம் என்றால் 14416-ல் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம். நான் முதலில் பேசியது அங்கேதான், அதுவும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

*

மூச்சுப் பயிற்சி எனக்கு உதவவே இல்லை, சொன்னால் எல்லோரும் அடிக்க வருகிறார்கள். ‘நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு, போயிடுச்சா? இன்னும் போகலையா?’ என்று நானே அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். கிளேர் வீக்ஸ் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு பெண் மருத்துவர் இருந்தார், அவருக்கே இந்தப் படபடப்பு இருந்தது. எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து போ, நேரம் போகட்டும், இவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்கு அந்த ‘மித’தான் பிடிபட்டது. எங்கள் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகும்போது அப்பா சொல்வார், கையைக் காலை உதறாதே, மல்லாந்து கிட, தண்ணியே தூக்கும் என்று.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடி. பால்கனிக்கு ஓடியவருக்கு: குழாயைத் திறந்துவிட்டுப் பேசிய ஆள் நீங்கள் மட்டும் இல்லை, நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பின்னால். ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போனேன், பதினோரு மாதம் கழித்து. துணியை முடிச்சுப் போட்டதும் ஒருமுறை குபீரென்று ஏறியது, கண்ணாடியில் என் காது சிவப்பதே தெரிந்தது. சரி, வா, நீயும் உட்கார் என்று விட்டுவிட்டேன். கிருதா எடுப்பதற்குள் போய்விட்டது. கடைசியில் அவர், “ஃபேஷியலும் போட்டுடலாமா சார்?” என்றார். வேண்டாம் என்றேன். பயம் இல்லை, அறுநூறு ரூபாய் கேட்டார்.