மேலே கிடைக்குமா?

வாட்ஸ்அப் குழு: சயான் வீடு, மும்பை

வியாழன்

நான்: ஞாயிறு மாலை ராயல் ஓபரா ஹவுஸில் ஒரு கச்சேரி இருக்கிறது. பியானோ, பாட்டு. டிக்கெட் போடட்டுமா? யார் யார் வருகிறீர்கள்?

சித்தப்பா: எது, சர்னி ரோட்டில் இறங்கிப் போவோமே, அதுவா? அது பூட்டிக் கிடக்கிறதே

தம்பி: சித்தப்பா, 2016-லேயே திறந்துவிட்டார்கள்

சித்தப்பா: தானேக்குக் குடிவந்த பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லையப்பா. அங்கே கடை வைத்திருந்த வைரக்காரர்களே பாதிப் பேர் பாந்த்ரா பக்கம் பி.கே.சி. போய்விட்டார்கள், எனக்கு அங்கே என்ன வேலை

தாத்தா: நான் வருகிறேன்.

அம்மா: மாமா, முட்டி வலி என்று நேற்றுத்தானே டாக்டரிடம் போனீர்கள்?

தாத்தா: வலி முட்டியில்தானே. கச்சேரியைக் காதால் கேட்டுக்கொள்கிறேன்.

நான்: சரி, அப்போது தாத்தா, அத்தை, அம்மா, தம்பி, நான். ஐந்து பேர். கீழே நடு வரிசையில் இடம் இருக்கிறது. படி ஏற வேண்டாம்

தாத்தா: மேலே கிடைக்குமா?

அத்தை: எதற்கப்பா மேலே? மேடை பக்கத்தில் தெரிய வேண்டாமா?

தாத்தா: 1966-ல் நான் பம்பாய் வந்தபோது கிர்காவில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. சனிக்கிழமை கூலி கைக்கு வரும். நேரே ஆபரா ஹவுஸ். அப்போது அது சினிமாக் கொட்டகை. எங்களுக்குக் கட்டுப்படியான டிக்கெட் மேலேதான், கூரைக்குப் பக்கத்தில். மரப்பெஞ்சு. இந்தியில் பானி, சாய், கித்னா தவிர ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒரு படம் விடவில்லை. கண்டக்டர் ஆப்ரா ஹவுஸ், ஆப்ரா ஹவுஸ் என்று கூவுவார். ஆப்ரா என்று ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்திருப்பார், அவர் வீடு போல என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி: தாத்தா 😂😂

தாத்தா: சிரிக்காதே, ஏல. உன் அப்பனும் பத்து வயது வரை அப்படித்தான் நினைத்தான். நான் சொல்லிக் கொடுத்தது.

அத்தை: துரை யாரும் இல்லையப்பா. கல்கத்தாவில் நாடகக் கம்பெனி நடத்திய மாரிஸ் பாண்ட்மன் ஒருவர். நிலக்கரித் தரகுக் கம்பெனி வைத்திருந்த பார்சிக்காரர் ஜஹாங்கீர் ஃப்ராம்ஜி கராக்கா இன்னொருவர். 1908 வாக்கில் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கியது. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் ராஜா தில்லி தர்பாருக்காக பம்பாயில் வந்து இறங்கினார் இல்லையா, அவரை வைத்தே திறந்துவிட்டார்கள். கட்டடம் முடிந்தது 1912-ல்.

அம்மா: அது சரி. சுண்ணாம்பு காய்வதற்குள் பால் காய்ச்சியாயிற்று

சித்தப்பா: பின்னே? ராஜா மறுபடியும் எப்போது வருவாரோ

தம்பி: அத்தை பீரியட் ஆரம்பம். எல்லோரும் நோட்டை எடுங்கள்

அத்தை: எடு, பரீட்சை உண்டு. பெயர்தான் ஓபரா. வெள்ளைக்காரர் கம்பெனிகள் மட்டுமா ஆடின? மராத்தி நாடக நடிகர் பால கந்தர்வா அங்கே ஆடியிருக்கிறார். லதா மங்கேஷ்கரின் அப்பா தீனாநாத் ஆடியிருக்கிறார்.

தாத்தா: பால கந்தர்வா ஸ்திரீபார்ட். நம் ஊர் பாய்ஸ் கம்பெனியிலும் பையன்கள் சேலை கட்டி ஆடுவார்கள். ஆனால் இவர் மேடையில் கட்டி வந்த சேலையைப் பார்த்து வீட்டுப் பெண்கள் அதேபோல் கட்டினார்களாம். எங்கள் அச்சகத்து மராத்திப் பெரியவர் சொல்வார்.

தாத்தா: இன்னொன்றும் சொல்வார். பிருத்விராஜ் கபூர் தன் நாடகக் குழுவோடு அங்கேதான் ஆடுவார். எனக்கு முந்தின காலம். நாடகம் முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது வாசலில் துணியை ஏந்திக்கொண்டு நிற்பாராம். முதல் காட்சியில் ராஜாவாக இருந்தவர். போகிறவர்கள் இஷ்டப்பட்டதைப் போடுவார்கள். நம் பெரியவர் நாலணா போட்டாராம், அதை என்னிடம் நாற்பது தடவை சொல்லியிருக்கிறார்.

நான்: தாத்தா, மேலே ஐந்து இடம் போட்டுவிட்டேன்

அம்மா: அந்தப் படியை யார் ஏறுவது?

நான்: பணம் போய்விட்டது அம்மா, இனி ஏறித்தான் ஆக வேண்டும்

ஞாயிறு

அத்தை: நான் செம்பூரிலிருந்து கிளம்பிவிட்டேன். நீங்கள்?

நான்: தாதரில் மாறி ஸ்லோ ரயில் பிடித்துவிட்டோம். தாத்தாவுக்கு உட்கார இடம் கிடைத்தது

தம்பி: கிராண்ட் ரோட்டில் இறங்கியும் போகலாம் என்று மேப் சொல்கிறது

தாத்தா: மேப்பை மூடு. சர்னி ரோடு.

அத்தை: வாசலில் நிற்கிறேன். சீக்கிரம் வாருங்கள்

நான்: (புகைப்படம்) நுழைந்ததும் தலைக்கு மேலே இந்தக் குவிமாடம். எட்டுப் பகுதியாகப் பிரித்து ஓவியம்

நான்: (புகைப்படம்) இது சர விளக்கு. பழைய பம்பாய் வணிகர் சசூன் குடும்பத்து மாளிகையில் தொங்கியதாம், அவர்கள் கொடுத்தது

சித்தப்பா: அடேயப்பா. நான் பார்த்தபோது புறா எச்சமும் ஒட்டடையுமாக இருந்தது

அத்தை: இருக்காதா? வீடியோ, கேபிள் வந்து கூட்டம் போய், 1993-லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் பூட்டு. 1952-லிருந்து இது குஜராத்தின் கோண்டல் ராஜ குடும்பத்துச் சொத்து, நல்ல வேளை இடித்துக் கோபுரம் கட்டாமல் வைத்திருந்தார்கள். ஆபா நாராயண் லாம்பா என்ற கட்டடக் கலைஞர்தான் சீர் செய்தார். 2017-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

சித்தப்பா: எத்தனை பேர் உட்காரலாம் அக்கா?

அத்தை: இப்போது 575.

சித்தப்பா: அவ்வளவுதானா! நம் ஷண்முகானந்தா ஹாலில் 2,700-க்கு மேல். அதன் பால்கனிக்குள்ளேயே இதை அடக்கிவிடலாம் போல

அம்மா: ஷண்முகானந்தா பால்கனியில் பாடுகிறவர் எறும்பு மாதிரி தெரிவார். இங்கே பாட வந்திருக்கும் பெண்ணின் கம்மல் தெரிகிறது

நான்: போனை மடக்குங்கள், ஆரம்பிக்கிறார்கள்

(இரவு 9.40)

தம்பி: இடைவேளைக்கு முன் கீச்ச்ச் என்று ஒரு சத்தம் கேட்டதே, அது தாத்தாவின் காது மெஷின். முன் வரிசையில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். தாத்தாவும் அவர்களோடு சேர்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தார்

அம்மா: எனக்கு மானமே போயிற்று

சித்தப்பா: அப்பா, எப்படி இருந்தது?

தாத்தா: வீடு வந்து எழுதுகிறேன்.

(இரவு 11.15)

தாத்தா: படி ஏறும்போது மூன்று இடத்தில் நின்றேன். கைப்பிடி மட்டும் ஞாபகத்தில் இருப்பதைவிடத் தாழ்வாக இருக்கிறது, அப்போது நான் இளைத்தவன். நான் உட்கார்ந்த மூலை எது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. மரப்பெஞ்சு இல்லை, எல்லாம் மெத்தை நாற்காலி. பொன் பூச்சு, சிவப்புத் திரை. பணக்காரர் உட்காரும் பாக்ஸை அப்போது இருட்டில்தான் பார்த்திருக்கிறேன், விளக்குப் போட்டு இன்றுதான் பார்த்தேன்.

தாத்தா: மெஷின் கத்தியதும் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். அந்தப் பெண் மைக் இல்லாமல்தான் பாடினாள். மெஷின் இல்லாமலே மேலே வரைக்கும் கேட்டது. கேலரிக்காரனுக்கும் ஒவ்வொரு வார்த்தையும் எட்ட வேண்டும் என்றுதான் அந்தக் கூரையை அப்படி அமைத்தார்கள் என்று உன் அத்தை சொன்னாள். எட்டியது. இத்தாலி பாஷையாம். ஒரு வார்த்தை புரியவில்லை. அப்போது இந்தியும் இப்படித்தான். அச்சகத்தில் கோத்த எழுத்தும் இப்படித்தான். கை பாட்டுக்குக் கோக்கும்.

அத்தை: அப்பா, கடைசிப் பாட்டில் கண்ணை மூடி லயித்து உட்கார்ந்திருந்தீர்களே, அது என்ன பாட்டு என்று கேட்டு வைத்திருக்கிறேன்

அம்மா: லயிப்பா, தூக்கமா மதினி? குறட்டை மாதிரி ஏதோ கேட்டதே

தாத்தா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

தம்பி: நீக்குவதற்குள் படித்துவிட்டேன் தாத்தா