புதுப்பிப்பு: டொயோட்டா 2ஜேஇசட் டர்போ எஞ்சினுக்கு ரிங் கேப் (பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி)

முந்தைய பதிவில் டாப் ரிங்குக்கு 0.35 மி.மீ. என்று போட்டிருந்தேன். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கூட்டிய எஞ்சினுக்கு அது இறுக்கம், திருத்திக்கொள்ளுங்கள். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 86 மி.மீ., ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், ரோட்டில் ஓட்டும் மிதமான பூஸ்ட் என்றால் டாப் ரிங் 86 × 0.005 = 0.43. இரண்டாவது 86 × 0.0055 = 0.47. ஆயில் ரெயில் (ஆயில் ரிங்கின் மெல்லிய வளையம்) குறைந்தது 0.38. ரிங் பெட்டியில் வரும் தாள் வேறு சொன்னால் தாள் சொல்வதே சரி.

இரண்டாவதில் ஏன் கூடுதல்? டாப் ரிங்கைத் தாண்டிய வாயு நடுவில் தேங்கினால், டாப் ரிங் பள்ளத்தில் நிலையாக உட்காராமல் ஆடும்.

ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) முடிந்த பிறகே அளக்க வேண்டும். போர் 0.01 கூடினால் கேப் 0.03 கூடும். அதனால் எந்த ரிங் எந்த சிலிண்டருக்கு என்று குறித்துவையுங்கள். பிஸ்டனைக் கவிழ்த்து ரிங்கை சிலிண்டருக்குள் 25 மி.மீ. கீழே நேராகத் தள்ளி, கேப்பில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். கேப் போதாவிட்டால் அராவ வேண்டும்; ஒரு முனையை மட்டும், வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி அராவினால் மாலிப்டினம் பூச்சு பெயராது. பிசிறை எடுத்துவிட்டு மறுபடி அளக்கவும்.

கேப் கொஞ்சம் அகலமானால் புளோ-பை (ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு) சற்றுக் கூடும், அவ்வளவுதான். குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி, பிஸ்டனின் ரிங் லேண்டே (ரிங் பள்ளங்களுக்கு நடுவே உள்ள பகுதி) பெயர்ந்துவிடும்.