ஐப்பசிக்கு முன்னால் வீட்டு மரம்: அவரவர் பார்த்தது

மடிப்பாக்கம், சென்னை

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெருவில் சாய்ந்தவற்றில் பாதிக்கு மேல் குல்மோகரும் தூங்குமூஞ்சியும்தான். வேம்பும் புங்கனும் கிளையை இழந்தாலும் பெரும்பாலும் நின்றுவிட்டன. அன்றிலிருந்து எல்லாரும் "நாட்டு மரமா வைங்க" என்கிறார்கள். சரிதான். ஆனால் எதிர்வீட்டு வேம்பும்தான் விழுந்தது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

காலையில் வடக்கிலிருந்து அடித்த காற்றுக்கு அது அசையவில்லை. நடுவில் காற்று ஓய்ந்தது. எல்லாரும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தோம். புயலின் கண் தாண்டி, தெற்கிலிருந்து திரும்பி அடித்ததும் மரம் வீட்டு மதில்மேல் படுத்துவிட்டது. மறுநாள் அடியைப் பார்த்தால், மதில் பக்கத்து வேர் அப்படியே இருக்கிறது. தெருப் பக்கத்து வேரை எப்போதோ வடிகாலுக்குத் தோண்டும்போது வெட்டியிருக்கிறார்கள். வெட்டுவாய் கறுத்து, விரலால் பிய்த்தாலே பொடியாக உதிர்ந்தது. அந்தப் பக்கம் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை.

அதனால் ஆவணி, புரட்டாசியில் நான் மேலே பார்ப்பதற்கு முன்னால் கீழே பார்ப்பேன். அடிமண் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா, பிறை வடிவில் வெடிப்பு ஓடுகிறதா, தூரைத் தட்டினால் பொக்கென்று கேட்கிறதா என்று. தூர்வரை சிமென்ட் பூசியிருந்தால் உடைத்துவிடுவது நல்லது. அப்புறம்தான் கவாத்து. காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, கூரைமேல் நீண்ட கிளை இவை போனால் போதும். மொட்டையடிக்கச் சொல்லாதீர்கள். மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கொம்புக்குப் பிடிமானம் கிடையாது, அடுத்த புயலில் முதலில் முறிவது அதுதான். கனமான கிளையென்றால் அடியில் கொஞ்சம் அறுத்துவிட்டு மேலிருந்து அறுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கிளை விழும்போது பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

பேராவூரணி

மடிப்பாக்கம் தம்பி சொன்னது வேம்புக்குச் சரி, தென்னைக்குத் தலையையும் பார்க்க வேண்டும். கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியுமுன் கரை ஏறியது. எங்கள் பக்கம் வேரோடு போன தென்னையும் உண்டு, கொண்டை திருகி முறிந்ததும் உண்டு. நின்ற மரம் சிலவும் பிறகு குருத்து அழுகிச் செத்தன. வீட்டோரத் தென்னையில் முற்றிய காய், காய்ந்த மட்டை, பன்னாடை எல்லாவற்றையும் புரட்டாசிக்குள் இறக்கிவிடுங்கள். பச்சை மட்டையைச் சீவித் துடைப்பமாக நிறுத்த வேண்டாம், மரம் சாப்பிடுவதே அதில்தான். அடித்தண்டில் செம்பழுப்பு நீர் கசிந்தால் தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். அந்த மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். மரம் ஏறுகிறவரை இப்போதே சொல்லி வையுங்கள். மழை பிடித்துவிட்டால் தண்டு வழுக்கும், அவர் ஏற மாட்டார். நாமும் ஏறச் சொல்லக் கூடாது.

கடலூர்

தானே புயல் (2011 டிசம்பர் 30) இங்கே பலாவையும் முந்திரியையும் வாரிக்கொண்டு போனதை எல்லாரும் சொல்வார்கள். நான் முருங்கைக்கு வருகிறேன். கொல்லை முருங்கையை வருஷா வருஷம் இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள். திரும்பத் துளிர்க்கும், காயும் கைக்கெட்டும். கரண்ட் கம்பியைத் தொடும் கிளை என்றால் மின்வாரியத்தில் சொல்லி, லைன் நிறுத்திய பிறகுதான் வெட்ட வேண்டும். மூங்கிலில் அரிவாள் கட்டி எட்டிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம், ஈர மூங்கிலில் கரண்ட் பாயும். வெட்டிய கழியை அன்றைக்கே அப்புறப்படுத்திவிடுங்கள். மாடியில் குவித்து வைத்தால் புயலன்று அது பக்கத்து வீட்டு ஜன்னலில்தான் இருக்கும்.

பேராவூரணி அண்ணா, போன மழையில் லேசாகச் சாய்ந்த இளந்தென்னை ஒன்று இருக்கிறது. நிமிர்த்தி மண் அணைத்தால் நிற்குமா?

பேராவூரணி

சின்னக் கன்றென்றால் நிற்கும். மூன்று பக்கம் முட்டுக் கொடுத்து, தண்ணீர் தேங்காமல் மண்ணை மேடாக அணையுங்கள். காய்ப்புக்கு வந்த மரமென்றால் நிமிர்த்தாதீர்கள், இருக்கிற வேரும் அறும்.